பழைய ரயில் பெட்டி மாதிரிக்கு உள்நிறம் பூசுவது எப்படி

எண்பது அடி நீளமான பழைய அமெரிக்கப் பயணிகள் பெட்டி 1:87 அளவில் ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் வரும். அதன் உட்புறத்தை யாரும் நேராகப் பார்ப்பதில்லை. ஒரு விரல்நகம் அகலமான ஜன்னல்கள் வழியாக, அரை இருட்டில்தான் பார்ப்பார்கள். நிஜப் பெட்டியின் நிறத்தை அப்படியே அடித்தால் உள்ளே கறுப்புத்தான் தெரியும். கீழே சொல்லும் கலவைகள் எல்லாம் அதனால் நிஜத்தைவிட ஒரு படி வெளிறியவை.

முதலில் ஆண்டு

நிறம் ஆண்டைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டின் பெட்டிகள் மரத்தால் ஆனவை. உள்ளே மகோகனி, வால்நட் பலகைக்கு வார்னிஷ் அடித்து, இருக்கைகளுக்குக் கடும் சிவப்பு அல்லது கடும் பச்சை வெல்வெட் போட்டிருப்பார்கள். புகைபிடிக்கும் பகுதியில் மட்டும் தோல் இருக்கை, துணியில் புகை நாற்றம் தங்கிவிடும் என்பதால். அமெரிக்காவில் படுக்கைப் பெட்டிகளைக் கட்டிய புல்மன் நிறுவனம் தன் முதல் உருக்குப் படுக்கைப் பெட்டியை 1907இல் கட்டியது. 1910இலிருந்து உருக்கே வழமையானது. மரப் பெட்டிகள் விபத்தில் தீப்பிடித்ததும் நொறுங்கியதும் அதற்கு முக்கிய காரணம். ஆனால் பயணிகளின் கண்ணுக்கு மரம்தான் பழக்கம். ஆகவே உருக்குத் தகட்டின் மேலேயே மர வரி வரைந்தார்கள். 1934இல் துருப்பிடிக்காத உருக்கால் ஆன செஃபிர் ரயில் வந்த பிறகு காலம் மாறியது: மெல்லிய நிறங்கள், பளபளக்கும் உலோக விளிம்புகள். 1938இல் ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த ‘ட்வென்டியத் செஞ்சுரி லிமிற்றெட்’ ரயிலில் சாம்பலும் நீலமும்தான் பிரதானம்.

இந்த மூன்று காலத்தையும் ஒரே பெட்டிக்குள் கலக்கக் கூடாது. இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கும். ‘புல்மன் பச்சை’ என்ற பெயரைக் கேட்டுவிட்டு உட்சுவருக்கும் அதையே அடித்துவிடுவார்கள். அது பெட்டியின் வெளிப்புற நிறம்.

தொடங்குபவருக்கு 1920களின் சாதாரண இருக்கைப் பெட்டியே நல்லது. சுவர், கூரை, இருக்கை, தளம் என்று நான்கு நிறத்தில் வேலை முடியும்.

வேண்டியவை

புத்தகக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் குழாய்கள்: வெள்ளை, மஞ்சள் காவி, பேர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பேர்ன்ட் அம்பர் (கடும் பழுப்பு), கடும் பச்சை, கறுப்பு. 0, 2, 4ஆம் இலக்கத் தூரிகைகள். வாகனப் பெயின்ற் கடையில் சாம்பல் நிற பிரைமர் ஸ்பிரே ஒன்று. மற் (மினுங்காத) வார்னிஷ், பைண்டர் கம், கிளற ஈர்க்கு. ஒரு பெட்டிக்கு எந்த நிறமும் ஒரு தேக்கரண்டிக்கு மேல் செல்லாது. ஆனால் தேவையான அளவை ஒரே தடவையில் கலந்து, மூடியுள்ள மருந்துக் குப்பியில் வையுங்கள். பாதியில் முடிந்தால் அதே நிறம் திரும்ப வராது.

அடித்தளம்

பிளாஸ்ரிக் பாகங்களைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி முழுதாகக் காய விடுங்கள். அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய் மிஞ்சியிருந்தால் பெயின்ற் தோலாக உரியும். சில ஸ்பிரேக்களில் உள்ள தின்னர் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். வேண்டாத துண்டொன்றில் முதலில் அடித்துப் பாருங்கள். பிறகு 25 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள்.

மட்டக்களப்பில் பருவத்தைப் பார்க்காமல் ஸ்பிரேயைக் கையில் எடுக்க வேண்டாம். மாரியில், நவம்பரிலிருந்து ஜனவரி வரை, ஈரக் காற்றின் நீர் பூச்சின் மேல் படிந்து வெள்ளைப் புகார் போல நிற்கும். மழை விட்டு வெயில் ஏறிய நேரத்தில் மட்டும் அடியுங்கள். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் தொல்லை மறுபுறம்: அக்ரிலிக் தூரிகையிலேயே காயும், மணலும் வந்து ஒட்டும். அப்போது விடியற்காலையில், ஜன்னலைச் சாத்திவிட்டு, பெயின்ற்றில் சில துளி தண்ணீர் சேர்த்து வேலை செய்யலாம்.

கூரையின் உட்புறம் தனிக் கதை. மெல்லிய பிளாஸ்ரிக் வெளிச்சத்தைக் கடத்தும். விளக்கு எரிந்ததும் முழுக் கூரையும் சிம்னி போல ஒளிரும். முதலில் கறுப்பு ஒரு பூச்சு, காய்ந்த பின் மேலே கிறீம். கிறீமுக்கு வெள்ளை 10 பங்கு, மஞ்சள் காவி 1 பங்கு, அம்பர் ஈர்க்கு நுனியளவு. கறுப்பை மறைக்க மூன்று பூச்சாவது போகும். நிஜப் பெட்டிகளிலும் கூரை வெளிறியே இருந்தது, மங்கலான விளக்கொளியைத் திருப்பிக் கீழே அனுப்ப.

மர வரி

மகோகனி என்றதும் நேராகச் செம்பழுப்பைப் பூசினால் சொக்லேற் தகடு மாதிரி இருக்கும். அடியில் மஞ்சள் வேண்டும். முதற்பூச்சு முதிரைப் பலகையின் நிறத்தில்: மஞ்சள் காவி 3, சியன்னா 1, வெள்ளை 1. ஒரு இரவு காய விடுங்கள். மறுநாள் சியன்னா 3, அம்பர் 1 கலந்து, அதே அளவு தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். 4ஆம் இலக்கத் தூரிகையைத் தோய்த்து, பழைய துணியில் ஒற்றி, பாதி உலர்ந்த நிலையில் ஒரே திசையில் இழுங்கள். ஜன்னலுக்குக் கீழே உள்ள பலகையில் நெடுக்காக, தூண்களில் மேலிருந்து கீழாக. இழுத்த இடத்தை ஈரத்தில் திரும்பத் தொட்டால் அடிப்பூச்சு கிளம்பிக் குழையும். தவறினாலும் விட்டுவிட்டு, காய்ந்த பின் இன்னொரு மெல்லிய பூச்சுக் கொடுங்கள். வீட்டில் மகோகனிக் கதிரை இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், அதைவிட ஒரு படி வெளிறியிருந்தால் சரி.

இருக்கை, தளம்

இருக்கைகளைத் தளத்தில் ஒட்டும் முன் பூசுங்கள். கடும் பச்சை 4, அம்பர் 1, வெள்ளை 1. காய்ந்ததும் மற் வார்னிஷ், வெல்வெட் மினுங்கக் கூடாது. சாய்வின் தலைப்பகுதியில் 3 மில்லிமீற்றர் அகலக் கடதாசித் துண்டை மடித்து ஒட்டினால் தலைத்துணி ஆகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவது இந்த வெள்ளைதான். தளத்துக்குக் கறுப்பு 1, வெள்ளை 2, சியன்னா அரைப் பங்கு போதும். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம், யாருக்கும் தெரியாது.

கண்ணாடியும் விளக்கும்

ஜன்னல் பிளாஸ்ரிக்கை சுப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், ஈரமான காற்றில் இன்னும் மோசம். பைண்டர் கம் மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் தெளிவாகக் காயும்.

1920களின் பெட்டிக்கு மஞ்சள் சாயலான எல்ஈடி வேண்டும். வெள்ளை எல்ஈடி போட்டால் மகோகனி சாம்பலாகி, பச்சை இருக்கை நீலமாகிவிடும். கையில் வெள்ளை மட்டும் இருந்தால் பல்பின் மேல் மஞ்சள் காவியை நன்றாக நீர்க்கச் செய்து ஒரு பூச்சுப் பூசலாம். 12 வோல்ற் எல்ஈடி நாடா என்றால் குறியிட்ட இடத்தில் மட்டும் வெட்டி, 9 வோல்ற்றில் எரியுங்கள். முழு வெளிச்சம் உள்ளே உள்ள தூரிகைத் தடத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

கூரையை நிரந்தரமாக ஒட்ட வேண்டாம். இரு முனையிலும் ஒரு துளி பைண்டர் கம் போதும். எல்ஈடி ஒருநாள் அணையும், அப்போது நகத்தால் நெம்பித் திறக்க வேண்டியிருக்கும்.