பகடையும் இருபது வளைவும்: கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு கதை விளையாட்டு

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டிக் கதையை நகர்த்துவதுதான் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். 1974-ல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதற்கு முன்னோடி. மனநல ஆலோசகர்கள் குழு சிகிச்சையில் இதைப் பயன்படுத்துவதுண்டு. சிகிச்சை என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் படிப்பு படித்தவர் கூட இருக்க வேண்டும். உதவி கேட்கவும், முறைக்குக் காத்திருக்கவும், வேண்டாம் என்று சொல்லவும் பழக்க ஆசிரியரோ பெற்றோரோ போதும். "நாலு பேர்கிட்ட பேசு கண்ணு" என்றால் சுருங்கிப்போகும் பிள்ளை, "உன் டிரைவர் இப்ப என்ன சொல்றாரு?" என்று கேட்டால் வாய் திறக்கும்.

தேவையானவை

10 முதல் 13 வயதில் நான்கு பிள்ளைகள், கதை நடத்த ஒருவர், 75 நிமிடம். ஆறு பேரானால் முறை வருவதற்குள் கூச்சமுள்ள பிள்ளைக்குக் கவனம் போய்விடும். லூடோ பகடை இரண்டு. சோழி வேண்டாம், முதுகு வளைந்தும் வாய்ப்பக்கம் தட்டையாகவும் இருப்பதால் இரண்டு பக்கமும் சமமாக விழாது. எவர்சில்வர் தட்டில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதில் உருட்டுங்கள். வெறும் தட்டில் விழும் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. அதோடு அன்றைய ஆட்டம் போச்சு. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை, பாதித் தாள், பென்சில்.

படி 1: ஆடுமுன்

முதல் நாள் கதை வேண்டாம். எதெல்லாம் கதையில் வரக்கூடாது என்று ஒவ்வொருவரும் சீட்டில் எழுதிப் போடட்டும்: நாய், இருட்டு, வீட்டுச் சண்டை, எதுவானாலும் சரி. யார் எழுதியது என்று கேட்காதீர்கள். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று இருக்கட்டும். அதை யார் தொட்டாலும் காட்சி அங்கேயே மாறும், காரணம் கேட்பதில்லை. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் இந்த மாதிரி விளையாட்டுகளுக்காக உருவாக்கிய எக்ஸ் அட்டை இது. முதலில் நீங்களே ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். இல்லாவிட்டால் யாரும் தொடவே மாட்டார்கள்.

படி 2: பாத்திரம்

பெயர், வேலை, கையில் ஒரு பொருள். பேச்சு, கவனம், கைவேலை என்ற மூன்று திறமையில் ஒன்றுக்கு மட்டும் +1, அதாவது அந்தத் திறமைக்கு உருட்டும்போது ஒன்று கூட்டிக்கொள்ளலாம். பேசவே தயங்கும் பிள்ளை பேச்சுக்கு +1 போட்டால் தடுக்காதீர்கள். அது ஆசைப்படுவதைத்தான் எழுதியிருக்கிறது.

படி 3: கதை

டிசம்பர் மாலை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 13-வது வளைவில் பனிமூட்டம், வேன் நின்றுவிட்டது. மேலே காபி எஸ்டேட்டில் ஒரு பாட்டிக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். அடித்து வெல்லும் எதிரியை வைக்காதீர்கள். பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டிய ஆளை வையுங்கள். நம் கதையில் அவர் டார்ச் தர மறுக்கும் எஸ்டேட் வாட்ச்மேன்.

படி 4: உருட்டுவது

இரண்டு பகடையையும் கூட்டுங்கள். 10-ம் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6-ம் அதற்குக் கீழும் சிக்கல். மொத்தம் 36 விதமாக விழலாம், அதில் 15 சிக்கல். திறமையின் +1 சேர்ந்தால் சிக்கல் 10 ஆகும். பக்கத்து ஆள் உதவினால் இன்னொரு +1 கிடைத்து 6 ஆகக் குறையும். அந்த உதவி, பெயர் சொல்லி வாய்விட்டுக் கேட்டால் மட்டுமே கிடைக்கும். இந்த ஒரு விதியைத் தளர்த்தவே தளர்த்தாதீர்கள். பழக்கம் முழுக்க இதில்தான் வருகிறது.

"வாட்ச்மேன் தரமாட்டேங்கிறாரு. நர்ஸ் செல்வி என்ன பண்றாங்க?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். புதிதாக நடத்துபவர்கள் தவறுவது இங்கேதான்: மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எட்டாவது எண்ணில் மெதுவாக வரும்: "அண்ணா, பாட்டிக்கு மருந்துங்க... மெக்கானிக் மணி, நீங்களும் வந்து சொல்றீங்களா?" பகடையில் 5, 3. திறமையும் உதவியும் சேர்த்து 10. டார்ச் கைக்கு வந்தாச்சு. மணியைக் கேட்காமல் இருந்திருந்தால் 9: டார்ச் தருவார், ஆனால் செல்வியின் வாட்சை அடமானமாக வாங்கி வைத்துக்கொள்வார்.

மொத்தம் 6-ம் அதற்குக் கீழும் வந்தாலும் கதை நிற்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டார், ஆனால் ஜன்னலில் அவர் சம்சாரம் எட்டிப் பார்க்கிறார். தோற்றாலும் இன்னொரு வழி இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

படி 5: பேச்சைப் பங்கிடுவது

ஒருவனே பேசிக்கொண்டிருப்பான். அதற்குத்தான் புளியங்கொட்டை: ஒன்றை நடுவில் வைத்துவிட்டுப் பேச வேண்டும், மற்றவர்களும் ஒவ்வொன்று வைக்கும்வரை அடுத்ததை வைக்க முடியாது. பேச விரும்பாத பிள்ளை கொட்டையை மட்டும் தள்ளினாலும் அது முறைதான்.

படி 6: கடைசிப் பத்து நிமிடம்

பாத்திரத்தைப் பற்றி முதலில் கேளுங்கள்: "மணியைக் கூப்பிட்டப்போ செல்விக்கு எப்படி இருந்துச்சு?" பிள்ளையாகவே தன் பள்ளிக்கூடத்து விஷயத்துக்கு வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் இழுக்காதீர்கள். அடி வாங்குவதையோ சாக நினைப்பதையோ ஒரு பிள்ளை சொன்னால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.

வாரம் ஒரே நாள், ஒரே நேரம், எட்டு வாரம் ஆடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நோட்டில் இரண்டு எண்ணிக்கை மட்டும் குறித்தால் போதும்: யார் எத்தனை முறை பெயர் சொல்லி உதவி கேட்டார்கள், அட்டை எத்தனை முறை தொடப்பட்டது. மூன்று வாரமாக அட்டையை யாருமே தொடவில்லை என்றால், நீங்களே மறுபடி ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள்.