120 கேமராவில் 35 மி.மீ. பிலிம்: மூடியைத் திறக்கும் முன்

போன தடவை கல்லணையில் தண்ணீர் திறந்தபோது ஒரு தம்பி, 120 என்ற அகலமான பிலிமுக்கான மாமியா ஆர்பி67 கேமராவில், அதைவிடக் குறுகலான 35 மி.மீ. பிலிம் போட்டு அகலப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். பிலிம் முடிந்தது. "வேணாம் தம்பி" என்று நான் சொல்வதற்குள் பின்மூடியைத் திறந்துவிட்டார். நானும் ஒரு காலத்தில் செய்த அதே தவறு.

வெளிச்சத்தில் திறப்பது

120 ரோலோடு காகிதம் சேர்ந்தே வரும். எடுத்து முடித்ததும் அந்தக் காகிதமே பிலிமை மூடிக்கொள்ளும், இருட்டு தேவையில்லை, நிழலிலேயே கழற்றலாம். 35 மி.மீ. பிலிமுக்கு அதன் டப்பாதான் காப்பு. ஆனால் இந்தக் கேமராக்களில் பிலிமைத் திரும்ப டப்பாவுக்குள் சுருட்ட வழியில்லை. எடுத்த படம் அத்தனையும் எதிர்ப்பக்கச் சுருளில் வெறுமனே கிடக்கும்.

எனக்கு இது நடந்தது திருவையாற்றில், ஆடிப்பெருக்கு அன்று. புஷ்ய மண்டபப் படித்துறையில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டார்கள். பிலிமில் ஒரு படத்தின் சுமார் 70 மி.மீ. நீளத்தில் அந்த வரிசை முழுசாக அடங்கியது. அப்புறம் அரசமர நிழலில் உட்கார்ந்து, 120 பழக்கத்தில் மூடியைத் திறந்தேன். வெளிச்சம் முதலில் தின்பது மேல்சுற்றை. மேல்சுற்றில் இருப்பது கடைசியாக எடுத்தவை. நெகட்டிவில் அந்தப் படித்துறை இருந்த இடம் முழுக்கக் கறுப்பு. இன்னும் மனசு ஆறவில்லை.

இருட்டுப் பைக்குள் கேமராவை வைத்துத் திறந்து, டப்பாவின் குமிழைத் திருகிப் பிலிமைக் கையாலேயே உள்ளே சுற்றுங்கள். நம் பக்கத்துப் புழுக்கத்தில் பைக்குள் ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை நனைந்துவிடும், பிலிம் விரலில் ஒட்டும். கையை நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பை இல்லையென்றால் ராத்திரி வரை காத்திருந்து, கதவிடுக்கில் துண்டு செருகிய இருட்டறையில் செய்யலாம். அதுவரை மூடியைத் தொட வேண்டாம்.

சிவப்பு ஜன்னல்

சில 120 கேமராக்களின் பின்மூடியில், காகிதத்தின் எண்ணைப் பார்க்க ஒரு சிவப்பு ஜன்னல் இருக்கும். 35 மி.மீ. பிலிமுக்குக் காகிதம் இல்லாததால் அது வழியே வெளிச்சம் படும். பிலிம் போடும் முன்பே அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

முழுக் கண்ணாடியையும் நம்புவது

பார்க்கும் கண்ணாடியில் 56 மி.மீ. உயரம் தெரியும். பிலிமில் ஓரத் துளைகளுக்கு நடுவே விழுவது 24 மி.மீ. மட்டும். நடுவில் அந்த அளவுக்கு இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

யாஷிகா-மேட்டை நேராகப் பிடிப்பது

யாஷிகா-மேட் என்ற 120 கேமராவில் பிலிம் மேலும் கீழுமாக ஓடும். படம் நெட்டையாக வரும். பெரிய கோயில் விமானத்துக்குச் சரி. நடவு வயலுக்குக் கேமராவைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும்.

லேப்

பிலிம் கழுவும் லேப்பில் வழக்கமான 35 மி.மீ. பட அளவுக்கு வெட்டினால், நம் நீளப் படம் நடுவில் துண்டாகிவிடலாம். "வெட்ட வேண்டாம், சுருளாகவே கொடுங்கள்" என்று கவர் மேல் பெரிதாக எழுதுங்கள்.