ஜெக்கில் நல்லவருமில்லை, லேடி ஆட்லி பைத்தியமுமில்லை

டாக்டர் ஜெக்கில் நல்லவர், ஹைட் கெட்டவன் என்று தொடங்கினால் விக்டோரியா கால நாவல்களில் ஆண், பெண் சித்திரிப்பு பற்றிய கட்டுரை முதல் வரியிலேயே கவிழ்ந்துவிடும். ஸ்டீவன்சன் 1886-இல் வெளியிட்ட குறுநாவலில் ஜெக்கில் ஒரு மருந்தைக் குடித்து ஹைட் என்ற இன்னொரு ஆளாக மாறுகிறார். அந்த ஹைட் முழுக்கத் தீயவன், சரி. ஆனால் ஜெக்கில் பழையபடி நல்லதும் கெட்டதும் கலந்த ஆள்தான். தன் வாக்குமூலத்தில் அவரே அதை ஒப்புக்கொள்கிறார். அப்புறம், ஹைட் மாமிச மலையும் அல்ல. குள்ளமானவன், ஜெக்கிலின் உடை அவன் மேல் தொளதொளவென்று தொங்கும். சினிமாவை மட்டும் பார்த்துவிட்டு எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

முக்கியமான பெண் பாத்திரமே இல்லாத கதையில் ஆண், பெண் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தாண்டிப் போவதும் தவறு. பூட்டிய அறைக்குள் ஹைட் அழுததை, பெண்ணைப் போல அழுதான் என்றுதான் ஜெக்கிலின் பணியாள் பூல் சொல்கிறார். ஆண் உடைந்துபோனால் உவமைக்கு ஒரு பெண் வேண்டியிருக்கிறது.

இதே இரட்டை வாழ்க்கையை ஒரு பெண் வாழ்ந்தால்? பிராடனின் 'லேடி ஆட்லியின் ரகசியம்' (1862) நாயகியைப் பைத்தியம் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அவளே அப்படித்தான் சொல்கிறாள். ஆனால் டாக்டர் வரும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். கணவன் சொல்லாமல் ஆஸ்திரேலியா போய்விட்டான். இவள் வேறு பெயரில் பணக்காரரை மணந்தாள். இதில் பைத்தியம் எங்கே என்று டாக்டரே கேட்கிறார். அவளைப் பார்த்துப் பேசிய பிறகும் பைத்தியம் இல்லை என்கிறார். ஆனால் பைத்தியத்தின் பரம்பரைக் கறை உண்டு, ஆபத்தானவள் என்கிறார். குடும்ப மானம் காக்க, பெல்ஜியத்து மனநோய் விடுதியில் ஆயுளுக்கும் அடைக்கிறார்கள். இங்கிலாந்தின் 1857-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, கணவன் விட்டுப் போனது மட்டும் மனைவிக்குப் போதுமான காரணம் ஆகாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்காக அவளைத் தியாகியாக்கிவிடாதீர்கள். திரும்பி வந்த கணவனைக் கிணற்றில் தள்ளியவள், ரகசியத்தை மறைக்க ஒரு சத்திரத்துக்குத் தீ வைத்தவள். ஜெக்கிலின் இரட்டைத்தனம் மனித இயல்பின் புதிராகிறது, இவளுடையது மனநோய் விடுதியில் முடிகிறது. கட்டுரைக்கு வேண்டிய சரக்கு இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

பாத்திரம் பேசுவதை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்வது இன்னொரு வழுக்கல். 'டிராகுலா'வில் (1897), ரத்தம் குடிக்கும் டிராகுலாவை வேட்டையாட உதவும் மீனாவுக்கு ஆணின் மூளை, பெண்ணின் இதயம் என்று பாராட்டுபவர் வேட்டைக்குத் தலைமை தாங்கும் வான் ஹெல்சிங். அந்தப் பேச்சிலேயே, இனி இந்த வேலை அவளுக்கு வேண்டாம் என்று ஒதுக்கியும் வைக்கிறார். ஆண்கள் அவளைத் தூங்கச் சொல்லிவிட்டு வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். டிராகுலா அவளைத் தேடி வருவது அந்த இரவில்தான்.