கொங்கு வெயிலில் வீட்டுக்குள் பெரணி வளர்ப்பது எப்படி?

வெப்பமண்டலப் பெரணிகள் (ஃபெர்ன் செடிகள்) மழைக்காட்டின் நிழலுக்கும் ஈரக்காற்றுக்கும் பழகியவை. வால்பாறைச் சரிவுகளில் தாமாகவே முளைக்கும் இச்செடிகளை, கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஈரோட்டிலோ கரூரிலோ வீட்டுக்குள் வளர்க்க விரும்புவோர் வெளிச்சத்தைவிடக் காற்றையும் தண்ணீரையும் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டும்.

முதலில் செடியைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்களுக்குப் போஸ்டன் பெரணியும் பறவைக்கூட்டுப் பெரணியும் ஏற்றவை. மெய்டன்ஹேர் பெரணி கண்ணைப் பறிக்கும் அழகுடையதுதான். ஆனால் ஒரு முறை மண் காய்ந்துவிட்டாலே இலைகள் கருகிவிடும் என்பதால் அதைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் நாற்றங்காலில்தான் வாங்க வேண்டும், காட்டிலிருந்து பிடுங்கி வரக் கூடாது.

அடுத்தது இடம். கிழக்கு அல்லது வடக்குச் சன்னலருகே, நேர்வெயில் படாத வெளிச்சம் போதும். மின்விசிறிக்கு நேர்கீழும் ஏசி காற்று படும் இடமும் ஆகாது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று இலைகளை உலர்த்திவிடும் என்பதால், அந்நாட்களில் மேற்குச் சன்னலைச் சாத்தி வையுங்கள்.

தொட்டிக் கலவைக்கு வேண்டிய தென்னை நார்த்தூள் நம் பகுதியில் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் உப்பு இருக்கக்கூடும். எனவே ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். அலசிய தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு எனக் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்புங்கள். செடியின் குருத்துப் பகுதி மண்ணுக்குள் புதையாமல் நடுவது முக்கியம்.

பெரும்பாலான பெரணிகள் கெடுவது தண்ணீரால்தான். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலையில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரை நம்பும் ஊர்களில் உப்பு படிந்து தொட்டி விளிம்பு வெளுக்கும், இலைநுனி பழுப்பாகும். அங்கெல்லாம் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றும் சிக்கனப் பழக்கம் பலரிடமும் இருக்கிறது. அதில் குழாய்நீரைவிட உப்பு அதிகம், பெரணிக்கு அது வேண்டாம். மேல்மண்ணை விரலால் தொட்டு, ஈரம் குறையத் தொடங்கும்போது துளைவழி வடியும்வரை ஊற்றுங்கள். பறவைக்கூட்டுப் பெரணிக்கு நடுக்குழியில் ஊற்றினால் குருத்து அழுகும். ஓரமாகவே ஊற்ற வேண்டும்.

இலையில் நீர் தெளிப்பதன் பயன் சிறிது நேரமே நிற்கும். பல தொட்டிகளை நெருக்கி வைப்பதும், சன்னலுள்ள குளியலறையில் வைப்பதும் அதைவிடப் பலன் தரும்.

இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருந்தால் அவை பெரணி இனம்பெருக உதவும் வித்துக்கூடுகள். பூச்சியென்று எண்ணி மருந்தடிக்க வேண்டாம். ஒழுங்கின்றித் தண்டிலும் பரவி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருபவையே செதில்பூச்சிகள். பெரணியின் இலைகள் பூச்சிமருந்தை எளிதில் தாங்காதவை என்பதால், அப்பூச்சிகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, மிகுதியாகத் தாக்கப்பட்ட இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள்.