கிளாகோமா அறுவைக்குப் பிறகு கண் அழுத்தம் மீண்டும் ஏறினால் செய்யக் கூடாதவை

"ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே" என்று பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கிளாகோமா என்பது பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி பார்வை நரம்பு சேதமாகும் நோய். அதற்குச் செய்யும் டிரபெகுலெக்டமி அறுவையில், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிய வெண்விழியில் புதிய வழி ஒன்று திறக்கப்படுகிறது. மேல் இமைக்கு அடியில் சிறு கொப்புளமாகச் சேரும் அந்த நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் உடலுக்கு அந்த வழியும் ஒரு காயம்தான். அதை மூடவே பார்க்கும். தழும்பு கட்டி வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். சில வாரங்களிலும் நடக்கலாம், பல வருடங்கள் கழித்தும் நடக்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது. இழந்த பார்வையோ திரும்பாது.

கண் அழுத்தத்துக்கு 21 (மி.மீ. பாதரசம்) பொதுவான மேல் எல்லை என்பதால் "21-க்குள்தானே இருக்கிறது" என்று நிம்மதி அடைவதும் ஆபத்தானது. பார்வை நரம்பு ஏற்கெனவே மிகவும் பாதிக்கப்பட்டவருக்கு 18 கூட அதிகமாக இருக்கலாம். உங்கள் கண்ணுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பக்கவாட்டில் எதுவரை தெரிகிறது என்று சோதிக்கும் பழைய பார்வைப் புல அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். புதியதை அவற்றோடு ஒப்பிட்டால்தான் பாதிப்பு கூடியிருப்பது தெரியும்.

மீந்துபோன சொட்டு மருந்தை நீங்களாகத் தொடங்காதீர்கள். அறுவைக்குப் பின் தரும் ஸ்டீராய்டு சொட்டு தழும்பைத் தடுக்கும். பாதியில் நிறுத்தினால் வழி அடைபடலாம், சொல்லாமல் நீட்டித்தால் அதுவே அழுத்தத்தை ஏற்றலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண் அழுத்தத்தைக் குறைக்கத் தரும் டிமோலால் சொட்டு மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும்.

முதல் அறுவை பலிக்கவில்லை என்றால் இனி வழியே இல்லை என்று மனம் தளர வேண்டாம். சொட்டு மருந்தைக் கூட்டலாம்; நுண்ணிய ஊசியால் தழும்பை விடுவிக்கலாம்; நீர் சுரக்கும் பகுதியை லேசரால் கட்டுப்படுத்தலாம்; குழாய் பொருத்தலாம். மதுரையில் கண் சிகிச்சைப் பொருட்கள் தயாரிக்கும் அரோலேப் நிறுவனத்தின் 'ஆடி' (AADI) அப்படியொரு குழாய்க் கருவி. அதில் நீர் வடியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு கிடையாது. அதனால் தொடக்கத்தில் குழாயை நூலால் கட்டிவிடுவார்கள். அந்த நூல் கரைய ஐந்தாறு வாரங்கள் ஆகும். அதுவரை அழுத்தம் இறங்காமல் இருப்பதைப் பார்த்து "இதுவும் வீண்" என்று சிலர் சொட்டு மருந்தைக் கைவிடுகிறார்கள். அந்த வாரங்களில்தான் மருந்து மிகவும் தேவை. நூல் கரையும்போது அழுத்தம் சட்டென்று சரியவும் கூடும். அப்போது குறித்த பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

அறுவை செய்து எத்தனை வருடமானாலும் அந்தக் கண் சிவந்து, பீளை தள்ளி, பார்வை மங்கினால் மருந்துக்கடையில் சொட்டு வாங்கிப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. கொப்புளத்தில் கிருமித்தொற்று ஏற்பட்டிருக்கலாம். இரவானாலும் அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.