வேலைநிறுத்தம் உடைவது எங்கே? சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊழியர்கள் வெளியே வருவதற்கு முன்பே வேலைநிறுத்தத்தை உடைக்கும் வேலையை அரசு தொடங்கிவிடுகிறது. 1974 ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது மே 8. அதற்குத் தலைமை தாங்கிய ரயில்வே தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைதானது மே 2. முன்வரிசைத் தலைவர்கள் உள்ளே போனால் யார் முடிவெடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வைக்காத சங்கம் அன்றே திணறிப்போகும்.

அதைவிடப் பெரிய தவறு, தங்களுக்குப் பொருந்தும் சட்டம் எது என்று பார்க்காமல் இறங்குவது. ஆலைத் தொழிலாளிக்குள்ள வேலைநிறுத்த உரிமை அரசு ஊழியருக்கு இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதி 22 அதைத் தடுக்கிறது. 2003 ஜூலை 2-ல் ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்ததற்கு எதிராக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் இறங்கினார்கள். டெஸ்மா எனும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் திருத்திய அரசு, சுமார் 1.7 லட்சம் பேரை விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்தது. வழக்குக்கான தயாரிப்பை அதற்குப் பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யத் தார்மீக உரிமைகூட இல்லை என்றது.

தனியார் ஆலைகளில் சறுக்குவது பெரும்பாலும் நோட்டீஸில்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டப்படி எல்லாத் தொழில்களுக்கும் நோட்டீஸ் கட்டாயம். கொடுத்து 14 நாள் முடியும் முன் இறங்கக் கூடாது. 60 நாளுக்குமேல் தள்ளினால் அந்த நோட்டீஸ் செல்லாது. அந்த 14 நாளுக்குள் சமரச அதிகாரி முதல் கூட்டத்தை நடத்திவிட்டால், பேச்சு முடிந்து மேலும் 7 நாள்வரை கை கட்டப்படும். இது தெரியாமல் தேதியை மேடையில் அறிவித்துவிட்டுப் பின்வாங்கும்போது தொழிலாளர் நம்பிக்கை போய்விடுகிறது. ‘எல்லோரும் லீவு போடுவோம்’ என்ற வழியும் அடைபட்டுவிட்டது: 50 சதவீதம் பேர் கூடிப் பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. சட்டபூர்வமான வேலைநிறுத்தத்தின்போது புதிய ஆள் எடுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை. சட்டவிரோதமானால் அந்தத் தடை விலகி, கருங்காலிகளுக்குக் கதவு திறந்துவிடும்.

‘அரை நாள்தானே’ என்று சம்பளக் கணக்கை அலட்சியப்படுத்தாதீர்கள். பேங்க் ஆஃப் இந்தியா ஊழியர்களின் நான்கு மணி நேர வேலைநிறுத்தத்துக்கு முழுநாள் சம்பளம் பிடித்ததை 1990-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

திரும்பிப் போகும் நிபந்தனையை விட்டுவிடுவதுதான் மிகவும் வலிக்கும் தவறு. 2003-ல் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பியது நிபந்தனையற்ற மன்னிப்பும், விதி 22-ஐ மீற மாட்டோம் என்ற உறுதிமொழியும் கொடுத்துத்தான். பழிவாங்கல் கூடாது, வழக்குகளையும் தற்காலிகப் பணிநீக்கங்களையும் திரும்பப் பெற வேண்டும் என்பதைக் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியிலேயே எழுதுங்கள். சங்கத்தோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் ஆகும்வரை எந்தக் கடிதத்திலும் யாரும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம்.