தந்தைமை வழக்கு: டி.என்.ஏ. பரிசோதனைக்கு முன்பே நேரும் தவறுகள்

கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் லைன் வீட்டிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர், மாதம் ஒரு ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்தபின் யாரோ சொன்ன ஒரு சொல் மனத்தை அரிக்க, தூங்கும் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்துக்கொண்டு அவர் கோவையில் ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறார். இத்தகைய வழக்குகளில் பெரிய தவறு இதுதான்.

ஏனெனில் சட்டம் முதலில் பார்ப்பது ரத்தத்தை அன்று, நாட்கணக்கை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 116ஆம் பிரிவு, அதாவது பழைய சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, செல்லத்தக்க திருமணம் நீடிக்கும்போதோ, அது முறிந்து 280 நாட்களுக்குள் தாய் மறுமணம் செய்யாத நிலையிலோ பிறந்த குழந்தையை அந்தக் கணவரின் குழந்தையாகவே முடிவாகக் கொள்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று மெய்ப்பித்தால்தான் அந்த முடிவு அசையும். சேரவில்லை என்பது வேறு, சேர வாய்ப்பில்லை என்பது வேறு. மாதம் ஒரு நாள் வீட்டில் தங்கியவர் இரண்டாவதை நிறுவுவது மிகக் கடினம். கணவர் அந்த மாதங்கள் முழுதும் வெளிநாட்டில் இருந்திருந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை ஆய்வக அறிக்கையைவிட முதலில் பேசும்.

(இந்த நீலகிரி மலையிலேயே தோடர் பழங்குடியினரின் மரபில், கருவுற்ற பெண்ணுக்கு வில்லும் அம்பும் அளிக்கும் சடங்கைச் செய்தவரே சமூகத்தின் கண்ணில் தந்தை. தந்தைமையை ரத்தம் மட்டுமே முடிவு செய்வதில்லை என்பது நமக்குப் புதிதன்று.)

கேட்டவுடன் பரிசோதனைக்கு உத்தரவு கிடைக்கும் என்று நம்புவது அடுத்த தவறு. வெறும் சந்தேகத்தின் பேரில் அதற்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் கௌதம் குண்டு வழக்கில் கூறியது. பெற்றோரின் சண்டையில் குழந்தையின் அந்தரங்கம் பலியாகக் கூடாது என்பதை 2023இல் அபர்ணா பிரோடியா வழக்கில் வலியுறுத்தியது. ஆனால் நீதிமன்றமே உத்தரவிட்டபின் மறுப்பதும் தவறு. மறுத்தவருக்கு எதிராக நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள இடமுண்டு.

தாய்மார்கள் செய்யும் தவறு என் மனத்தை அதிகம் வருத்துகிறது. முறையான திருமணம் ஆகவில்லை என்பதற்காகவே, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று பத்திரத்தில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். குழந்தையின் ஜீவனாம்ச உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, திருமணத்துக்குப் புறம்பே பிறந்த குழந்தைக்கும் தந்தையிடம் ஜீவனாம்சம் கேட்கும் உரிமையைத் தருகிறது.

பழங்குடிக் குடும்பங்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. அதை அறியாமல் மனு போட்டால் காலம்தான் வீணாகும். அவர்கள் வழக்கப்படி நடந்த திருமணத்துக்குச் சாட்சிகளைத் திரட்டுவதே முதல் வேலை.

வக்கீலுக்குப் பணமில்லை என்று ஒதுங்கவும் வேண்டாம். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். போகும்போது பிறப்புச் சான்றிதழையும், திருமணத்தைக் காட்டும் தாள்களையும், அந்த மாதங்களில் யார் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லும் வருகைப் பதிவையும் பயணச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.